முதுகிடம் சொன்னது

பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். அந்தப் பத்தொன்பது வருடத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும், உண்மைதானே. நாற்பத்திரண்டு பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து வண்டியையே தலைகீழாக்கிக்கொண்டிருந்தாலும் அவர் கழுத்து அசையாது. யார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறார்கள், யார் யாருடைய பென்சிலைப் பிடுங்குகிறார்கள் என்பதெல்லாம் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் நீளக் கண்ணாடியிலேயே தெரிந்துவிடும். “மூணாவது வரிசை, கை உள்ள” என்று ஒரு அதட்டல் போடுவார். கை உள்ளே போய்விடும்.

தொழில் பழக்கம் தொழிலோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அது அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் யார் கூப்பிட்டாலும் முகம் இருந்த திசையிலேயே இருக்க, “ம்” என்பார். அந்த ‘ம்’முக்குச் சரி என்று அர்த்தமா, யோசிக்கிறேன் என்று அர்த்தமா, முதலில் காதில் விழுந்ததா இல்லையா என்பதெல்லாம் அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறவள். கவுண்டரில் நின்று, “இது காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி, இது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னாடி” என்று சொல்லி முடித்ததும் மருந்தைக் கொடுத்துவிட மாட்டாள். “இப்ப நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க” என்பாள். தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது வேறெங்கோ இருக்கும் என்பது அவள் அனுபவம். அதே வித்தையை வீட்டில் புருஷனிடமும் காட்டிப் பார்த்திருக்கிறாள். அவர் ஒவ்வொரு தடவையும், “அதான் நீயே சொல்லிட்டியே” என்று நழுவிவிடுவார். கல்யாணமான புதிதில் அதற்குக் கோபப்பட்டாள். அப்புறம் இந்த மனுஷனைத் திருத்த நம்மால் ஆகாது என்று விட்டுவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் அத்தனூண்டு, வாயைத் திறந்தால் காரம். அப்பாவின் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய் வருவாள். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உள்ள சீட் அவளுடையது. காலையில் முப்பத்தைந்து நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், அப்பாவின் முதுகோடு பேசிக்கொண்டே வருவாள். பேச்சென்றால் சாமானியப் பேச்சில்லை. வகுப்பில் யாருக்குப் பல் விழுந்தது, அந்தப் பல் எங்கே போனது, தண்ணீர்க் குழாயில் யார் யாரைத் தள்ளினார்கள், அதற்கு இவள் என்ன தீர்ப்புச் சொன்னாள், எல்லாம் வரும். முன்னாலிருந்து அளவாக இடைவெளி விட்டு ‘ம்’ வந்துகொண்டிருக்கும்.

பள்ளிவாசல் இமாம் ஒரு வெள்ளிக்கிழமை பயானில் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம், சேர்ந்து தொழுகிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பத்து நிமிடம் பேசவும் வேண்டாமா என்று கேட்டார். இவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். அந்தி சாய்ந்து மஃரிப் தொழுததும் பாயைச் சுருட்டக் கூடாது. மூன்று பேரும் அதிலேயே உட்கார்ந்து பேச வேண்டும்.

பேச வேண்டும் என்றால் அவர் பேச வேண்டும் என்று அவருக்கு எண்ணம். முதல் நாள் யூனுஸ் நபியை மீன் விழுங்கிய கதையை எடுத்தார். மீன் வாயைத் திறக்கும் முன்பே மிளகின் கண் சுவரில் ஊரும் எறும்பின் பின்னால் போய்விட்டது. அடுத்த நாள் நேரந்தவறாமை பற்றிச் சொன்னார். பாயின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் குரலை உயர்த்திப் பார்த்தார். அவள் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள், கண் மட்டும் எங்கோ நிலைகுத்தி நின்றது.

மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஊரார் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் என் ஒரு சத்தத்துக்கு அடங்குகிறார்கள், பெற்ற பிள்ளைக்கு என் பேச்சு ஏறவில்லையே என்றார். மேலுக்குக் கோபமாகச் சொன்னாலும் உள்ளுக்குள் பயம். இப்போதே இப்படியென்றால், இன்னும் நாலைந்து வருடத்தில் இந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும், அப்போது நான் வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை என்றால் அவருக்கு உயிர். அதில் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால் அவருடைய சீருடைச் சட்டை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கியது. மனைவிக்கு அன்று அதிகாலை வேலை, கிளம்பிப் போயிருந்தாள். கேட்காமலே இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாளே, இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோம் என்று மகிழ்ந்து மாட்டிக்கொண்டார். மிளகு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலரைச் சரி செய்துவிட்டாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பேருந்து பள்ளிக்கூட வளாகத்திலேயே சுவரோரம் நிற்கும். மதியத்துக்கு மேல்தான் அடுத்த ஓட்டம். பதினொரு மணி வாக்கில் அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கைபேசியை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்து, ஒரு மௌலவியின் பயானைப் போட்டார். குடும்பப் பேச்சில் பிள்ளைகளின் கவனத்தைக் கட்டி வைப்பது எப்படி என்பது தலைப்பு. நமக்கென்றே பேசியிருக்கிறார் என்று டிரிப் ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யாரோடு பேசினாலும் தலையை மட்டும் திருப்ப மாட்டார்கள், முழு உடம்போடும் அவர் பக்கம் திரும்புவார்கள் என்றார் மௌலவி. இவர் அதை எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே ‘ஓட்டுநருக்குப் பொருந்தாது’ என்றும் எழுதிக்கொண்டார். ஒரு சின்னப் பையன் வளர்த்த குருவி செத்துப்போனபோது, ஆயிரம் காரியங்களுக்கு நடுவிலும் நாயகம் அவனிடம் அந்தக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள் என்றார். ‘பிள்ளை வளர்க்கும் பிராணியைப் பற்றிக் கேட்க வேண்டும்’ என்று எழுதினார். மிளகு ஒரு கண்ணாடிக் குப்பியில் நத்தை வளர்ப்பது நினைவுக்கு வந்தது. நல்லவேளை, நம்மிடமும் ஒன்று இருக்கிறது என்று தெம்பாக இருந்தது.

அடுத்து ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். அவள் தன் பிள்ளையை, “இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்று கூப்பிட்டாளாம். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நாயகம் கேட்க, பேரீச்சம்பழம் என்றாளாம். நீ கொடுக்காமல் விட்டிருந்தால் உன் கணக்கில் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்களாம். ‘பிள்ளையிடம் பொய் கூடாது’ என்று எழுதி, இவர் அதன் எதிரே ஒரு சரிக்குறி போட்டார். அல்ஹம்துலில்லாஹ், இந்த ஒரு விஷயத்தில் நம்மேல் குற்றமில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அவர் மிளகிடம் பொய் சொன்னதே இல்லை.

அப்போது, வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அக்கா வெளியிலிருந்து தட்டினாள். “அண்ணே, உங்க மக மாடி ஜன்னல்ல நிக்கிறா. கை காட்டுறா பாருங்க.”

அவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அதற்கும் திரும்பவில்லை. முதல் மாடி ஜன்னலில் மிளகு நின்றாள். கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். வாப்பா மேல் எத்தனை பாசம் என்று இவருக்கு மனம் குளிர்ந்தது. கண்ணாடியைப் பார்த்தபடியே பதிலுக்குக் கையை ஆட்டினார். நன்றாக, சிரித்துக்கொண்டே ஆட்டினார். பிறகு பயானை விட்ட இடத்திலிருந்து போட்டார்.

அன்று மாலை பின் சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. இவருடைய ‘ம்’முக்கு வேலை இல்லாமல் போனது. கண்ணாடியில் பார்த்தார், மிளகு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அசதியாக இருக்கும் என்று நினைத்தார்.

மஃரிப் தொழுததும் டிரிப் ஷீட்டைப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மிளகுக்கு எதிரே குனிந்து உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்து, பயானில் சொன்னபடியே சிரித்த முகத்தோடு கேட்டார். “உன் நத்தை எப்படி இருக்கு?”

“அது போயிடுச்சு வாப்பா” என்றாள் மிளகு. “பள்ளிக்கூடம் திறந்த மாசமே போயிடுச்சு. அன்னைக்கே பஸ்ல சொன்னேன்.”

பள்ளிக்கூடம் திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் பாயின் ஓரத்தைத் தூக்கி, டிரிப் ஷீட்டை ஓரக்கண்ணால் பார்த்து, அடுத்த குறிப்புக்குத் தாவினார். சுருக்கமாகப் பேசினார். நடுநடுவே கேள்வி கேட்டார். அவள் எறும்பைப் பார்க்கவில்லை, நூலை உருவவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அடக்கமாக, “ம்” என்றாள். பயானுக்கு இத்தனை பலனா என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனைவியைப் பார்த்து, கவனித்தாயா என்பது போலக் கண்ணைக் காட்டினார்.

மனைவி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். “வாப்பா இப்ப என்ன சொன்னாங்க, திருப்பிச் சொல்லும்மா” என்றாள் மகளிடம்.

மிளகு பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மனைவி அதை விட்டுவிட்டுப் புருஷனிடம் கேட்டாள். “சரி, இன்னைக்கு இவ கிளாஸ்ல எப்படிப் பேசுனீங்க? நானும் வந்ததுலேருந்து கேக்கணும்னு இருக்கேன்.”

“எந்தக் கிளாஸ்ல?” என்றார் அவர்.

விஷயம் மனைவி வாயிலிருந்துதான் வந்தது. பெற்றோர் ஒவ்வொருவராக வகுப்புக்கு வந்து தங்கள் வேலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி மிளகின் வாப்பாவுக்கு. போன வாரமே பேருந்தில் கேட்டுவிட்டேன், வாப்பா சரி என்றுவிட்டார் என்று மிளகு உம்மாவிடம் அப்போதே சொல்லியிருந்தாள். அதனால்தான் சட்டைக்கு இஸ்திரி. அவருக்குப் பதினொரு மணி நினைவுக்கு வந்தது. மாடி ஜன்னல் நினைவுக்கு வந்தது. பிள்ளை கையை ஆட்டியது ‘வாங்க, வாங்க’ என்று. இவர் அதற்கு டாட்டா காட்டியிருக்கிறார். இருபது படி ஏறினால் வகுப்பு.

“நான் வர்றேன்னு சொன்னேனாம்மா?” என்று மிளகிடம் கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்துதான் இருந்தது.

“இல்ல வாப்பா. தப்பு உங்க மேல இல்ல” என்றாள் மிளகு. அழவில்லை. பெரிய மனுஷி மாதிரி அவரைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். “நீங்க ‘ம்’னுதான் சொன்னீங்க. எங்க ஹெட்மிஸ் யானை மேல வந்தாங்கன்னு ஒரு நாள் சும்மா சொல்லிப் பாத்தேன். அதுக்கும் ‘ம்’னுதான் சொன்னீங்க. அது எனக்குத்தான் மறந்துபோச்சு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருந்தாலும் தாங்கியிருப்பார். பிள்ளை அவருக்காக நியாயம் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. பாய்க்கு அடியில் அந்தச் சரிக்குறி கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இந்த நாலு மாதத்தில் எத்தனை ‘ம்’, எத்தனை பொய் தன் கணக்கில் ஏறியிருக்குமோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். இரவு இஷா தொழுகையில் ஸஜ்தாவில் வைத்த நெற்றியை எடுக்க வெகுநேரமானது. மனைவி சாப்பாட்டுத் தட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் சாப்பிடும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் படியேறிப் போய் ஆசிரியையைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டார், இன்னொரு நாள் கொடுக்க முடியுமா என்றார். ஆசிரியை நல்லவர்தான். ஆனால் பட்டியல் முடிந்துவிட்டது, இனி அடுத்த வருடம்தான் என்றார். கிளம்பும்போது, உங்கள் மகள் எழுதியதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சுவரைக் காட்டினார். பேச வருகிறவரை அறிமுகப்படுத்திப் பிள்ளைகளே எழுதி வாசித்த அட்டைகள் அங்கே வரிசையாகக் குத்தியிருந்தன. மிளகின் அட்டையில் ஒரு மஞ்சள் பேருந்து, அதற்கு யானைக் காது அளவுக்குக் கண்ணாடிகள். கீழே அவள் கையெழுத்து.

‘என் வாப்பா பஸ் டிரைவர். என் வாப்பா பின்னால் திரும்ப மாட்டார். திரும்பினால் எங்களுக்கு அடிபடும். அதனால் நான் வாப்பாவின் முதுகிடம் பேசுவேன். வாப்பாவின் முதுகுக்கு எல்லாம் கேட்கும். இப்போது என் வாப்பா உங்களிடம் பேசுவார்.’

கடைசி வரியைப் பென்சிலால் அடித்திருந்தாள். கோணாமல், அடிக்கோல் வைத்து அடித்திருந்தாள்.

அவர் அங்கேயே நின்றார். ஆசிரியை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அன்று கைபேசியை எடுக்கவில்லை. மதியம்வரை வண்டியின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் வழக்கம்போல ஒவ்வொரு நிறுத்தமாகப் பிள்ளைகளை இறக்கினார். அக்காவும் இறங்கிப் போனாள். கடைசியில் மிளகு மட்டும் பின் சீட்டில் இருந்தாள். தங்கள் தெருமுனையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தினார், எஞ்சினை அணைத்தார், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். மிளகு பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றார்.

இருக்கையை விட்டு எழுந்தார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் மேடை இன்னும் சூடாக இருந்தது. அதில் மகளைப் பார்க்க முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். கால் நீட்ட இடமில்லை, முழங்கால் கம்பியில் இடித்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த வண்டியின் உட்புறத்தை இந்தப் பக்கமாக உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் பார்த்த மிளகு வேறு, இவள் வேறு. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

“வண்டி ஓடும்போது நான் திரும்ப முடியாதும்மா. அப்ப நீ சொல்றது எனக்குச் சரியா கேக்காது. கேக்குற மாதிரி ‘ம்’ சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிடு” என்றார். “இப்ப வண்டி ஓடல. சொல்லு.”

மிளகு பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “இன்னைக்கு யானை மறுபடியும் வந்துச்சு வாப்பா. எங்க கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுத்துச்சு.”

“யானையா? உன் பேரைக் கூப்பிட்டுச்சா?”

“கூப்பிட்டுச்சு.”

“நீ வந்திருக்கேன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? யானைக்குக் கண்ணு சின்னதாச்சே. உக்காந்த இடத்துல கையைத் தூக்கினியா, எழுந்து நின்னியா?”

மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் போன இடம் தெரியச் சிரித்தாள். பையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு சீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் எடுத்தாளே பாருங்கள். பல் விழுந்த கதை வந்தது. பல்லைத் தேடி நாலு பேர் மேசைக்கு அடியில் போன கதை வந்தது. நத்தை எந்தச் சுவர் வழியாகப் போயிருக்கும் என்பதற்கு அவளிடம் இரண்டு விதமான தடயங்கள் இருந்தன. நேற்று எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தபோது அடிக்கோலை எடுத்து அந்தக் கடைசி வரியை அடித்ததையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது. அவர் கையை நீட்டினார், அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் மேடை ஆறிப்போனது. பொழுது சாய்வதற்குள் அஸர் தொழுதாக வேண்டுமே என்று நினைவு வந்தபோது, அதையும் அவளிடம் வாய்விட்டே சொன்னார். சேர்ந்து போய்த் தொழலாம், மிச்சத்தை நடக்கும்போது சொல், இறங்கு என்றார்.

படியில் இறங்கப்போன மிளகு நின்றாள். “நாளைக்கும் இப்படித் திரும்பி உக்காருவீங்களா?”

‘ம்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? அவர் அதை விழுங்கினார்.

“நாளைக்கு மூணே முக்காலுக்கு, வண்டிய நிறுத்திட்டு, சாவியை எடுத்துட்டு, இதே இடத்துல உன் பக்கம் திரும்பி உக்காருவேன். இன்ஷா அல்லாஹ்” என்றார்.

மிளகு அவர் முகத்தையே பார்த்தாள். மருந்தகக் கவுண்டரில் அவள் உம்மா பார்ப்பாளே, அதே பார்வை.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள்.

சொன்னார்.